சோம்பல் எனப் பெயர்பெற்ற நோய்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தால் உடல் சுடுகிறது; பல் சொத்தையானால் வலிக்கிறது. சில நோய்களோ தாம் வந்திருப்பதை அறிவிப்பதே இல்லை. நோயுற்றவரின் இயல்புதான் அது என்று பிறரும் அவரும் எண்ணும்படி அமைதியாகத் தங்கிவிடுகின்றன. வளரிளம் பருவத்தினரிடம் மிகுதியாகக் காணப்படும் குருதிச்சோகை அத்தகையது. அது தோன்றும் விதத்தையும் பள்ளியிலும் வீட்டிலும் அதனைத் தடுக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கும் மாணவி ஒருத்திக்குத் திடீரெனக் கண் இருள்கிறது. தோழியர் தாங்கிப் பிடித்து நிழலில் அமர்த்துகின்றனர். "காலையில் சாப்பிடவில்லையா?" என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, வகுப்புக்கு அனுப்பிவிடுகின்றனர். மாடிப்படி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது. கணக்கின் நடுவில் முந்தைய படி மறந்துபோகிறது. மாலைச் சிறப்பு வகுப்பில் கண் செருகுகிறது. வீடு திரும்பியதும் படுத்துவிடுகிறாள். வீட்டார் அதற்குச் 'சோம்பல்' என்று பெயரிடுகின்றனர். பள்ளியில் அது 'கவனமின்மை' எனப்படுகிறது. சில திங்கள்களில் அவளும் தன்னைப்பற்றி அவ்வாறே நம்பத் தொடங்குகிறாள். இதற்கிடையில் அவளது குருதியை ஆய்ந்து பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஒருவரின் சோர்வுக்குப் பெயர் சூட்டுவதில் காட்டும் விரைவைக் காரணம் தேடுவதில் நாம் காட்டுவதில்லை.

அம்மாணவி தனியொருத்தி அல்லள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உள்ளது. அதே வயதுடைய ஆண்களில் 31 விழுக்காட்டினர் இதற்கு ஆளாகியுள்ளனர். இது பெண்களுக்கு மட்டுமே உரிய நோய் என எண்ணும் மாணவர்கள் இரண்டாவது எண்ணைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

குருதியின் செந்நிறத்துக்குக் காரணம் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, உடலின் கடைக்கோடித் திசுவரை கொண்டு சேர்ப்பவை இவ்விரும்பு அணுக்களே. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம்தான். ஒரு சிறிய ஆணியின் எடை அளவே இருக்கும். அதில் பெரும்பகுதி குருதியில் ஓடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி கல்லீரல் முதலிய உறுப்புகளில் சேமித்து வைக்கப்படுகிறது.

சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். அது சிதைந்ததும் அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் மீட்டெடுத்துப் புதிய அணுக்களுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. இவ்வளவு சிக்கனமான உடலிலும் பற்றாக்குறை நேரும்போது, முதலில் சேமிப்புக் கரைகிறது. குருதியின் அளவில் அப்போது மாற்றம் தெரியாது. சேமிப்புத் தீர்ந்த பின்னரே ஹீமோகுளோபின் குறைகிறது. இவை யாவும் மெல்ல மெல்ல நிகழ்வதால் உடலும் அந்தக் குறைவுக்குப் பழகிக்கொள்கிறது. இதயம் விரைந்து துடித்து ஈடுசெய்ய முயல்கிறது. ஆகவேதான் நோயாளி, "எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு" என்கிறார்.

தெரிந்து தெளிவோம்

100 மில்லிலிட்டர் குருதியில் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அளவை உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுக்கு (கருவுற்றோர் நீங்கலாக) 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிச்சோகை. 8 கிராமுக்கும் கீழே சென்றால் கடுமையான சோகை.

பள்ளிப் பருவத்தில் இக்குறை மிகுவதற்குக் காரணங்கள் உண்டு. உடல் விரைந்து வளரும்போது குருதியின் அளவும் பெருக வேண்டியிருக்கிறது. அதற்கு இரும்பு தேவை. பெண்களுக்கு மாதவிலக்கின்போது ஓரளவு இரும்பு வெளியேறுகிறது. தேவை இவ்வாறு உயரும் காலத்தில்தான் உணவு குறைகிறது. சிறப்பு வகுப்புக்காகக் காலை உணவைக் கைவிட்டுப் பேருந்தைப் பிடிக்கின்றனர். உடல் மெலிய வேண்டும் எனச் சிலர் உண்ணாதிருக்கின்றனர். பல வீடுகளில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதைத் தாயும் மகளும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மீன்குழம்பு வைத்த நாளில் சட்டியில் எஞ்சுவது பெரும்பாலும் குழம்பு மட்டுமே.

இக்குறை சிலரிடம் விந்தையான ஓர் அறிகுறியாகவும் வெளிப்படுகிறது. பச்சரிசி, சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, பலப்பம், மண் போன்றவற்றைத் தின்ன வேண்டும் என்னும் அடங்கா விருப்பம் தோன்றுகிறது. பாவாடை மடியில் அரிசியை மறைத்து வைத்துத் தின்னும் சிறுமியை வீட்டார் அதட்டுவதுண்டு. அது கெட்ட பழக்கம் அன்று. இரும்புக்குறையின் அறிகுறியாக இருக்கலாம். அதட்டுவதை விடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

இன்னொரு காரணம் கண்ணுக்குப் புலப்படாமல் மண்ணில் காத்திருக்கிறது. திறந்தவெளியில் மலம் கழிக்கப்படும் இடங்களில் கொக்கிப்புழுவின் முட்டைகள் மண்ணில் பொரிகின்றன. வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து அதன் இளம்புழு உட்புகுகிறது. குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சுகிறது. காலணியும் கழிப்பறையும் குருதிச்சோகையைத் தடுக்கும் கருவிகள் என்பது இதனால் விளங்கும். ஆண்டுதோறும் பிப்ரவரி 10ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பள்ளிகளில் வழங்கப்படும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை இப்புழுக்களை அழிப்பதற்கானது. அதனை நன்கு மென்று உண்ண வேண்டும்.

வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை நீலநிற மாத்திரையும் வழங்கப்படுகிறது. அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தும் உண்டு. இந்தச் சத்தின் கதையில் தமிழகத்திற்கும் இடமுண்டு.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகைக்கு ஆளாகி உயிரிழந்தனர். அதன் காரணத்தைக் கண்டறிவதே அவருடைய பணி. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை மட்டும் பார்ப்பதோடு அவர் அமைந்துவிடவில்லை. அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்று ஆராய்ந்தார். அவர்களது உணவில் கீரை, பழம், பால் போன்றவை மிகக் குறைவாக இருந்தன. அவரது ஆய்வு குன்னூரிலுள்ள பாஸ்டியர் நிறுவனத்திலும் தொடர்ந்தது. 1931இல் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் மகளிர் மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். சத்துக்குறைந்த உணவால் சோகையுற்ற குரங்கு ஒன்றுக்கு 'மார்மைட்' என்னும் விலைமலிந்த ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், அது நலம்பெற்றது. அவ்வகைச் சோகையுற்ற தாய்மாரும் அச்சாற்றால் தேறினர். அதிலிருந்த பொருள் இன்னதென அப்போது தெரியாததால் அது 'வில்ஸ் காரணி' என்றே வழங்கப்பட்டது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு சத்துக்கு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். மாணவர் கையில் வாரந்தோறும் வந்து சேரும் நீல மாத்திரைக்குள் இருப்பது அந்தச் சத்தே.

ஆனால் அம்மாத்திரைகளுள் சில வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே கிடப்பதும் உண்டு. அவற்றை எறிந்தவர்களைக் குறைகூறுவது எளிது. எறிந்த காரணத்தைக் கேட்பது பயனுடையது. வெறும் வயிற்றில் விழுங்கியதால் ஒருவருக்குக் குமட்டியிருக்கும். மறுநாள் மலம் கருத்திருப்பதைக் கண்டு இன்னொருவர் அஞ்சியிருப்பார். உடலில் ஏற்கப்படாத இரும்பு வெளியேறுவதால் நிறம் கருக்கிறது. அதில் தீங்கு ஏதுமில்லை. உணவு உண்டபின் விழுங்கினால் குமட்டல் பெரும்பாலும் குறையும். வேறோர் எச்சரிக்கையும் இங்கே இன்றியமையாதது. மருந்தில் இரும்பு மிகுந்தால் அது நஞ்சு. விளையாட்டாகவோ போட்டியாகவோ பல மாத்திரைகளை ஒருசேர விழுங்குவது கல்லீரலைச் சிதைத்து உயிரையே பறித்துவிடும். தவறவிட்ட வாரத்துக்கும் சேர்த்து இரண்டாக விழுங்கவும் கூடாது.

உணவைப்பற்றி வழங்கும் நம்பிக்கைகள் சிலவற்றையும் ஆய்ந்து பார்க்க வேண்டும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் குருதியைப் பெருக்கும் எனப் பலர் நம்புகின்றனர். அவை நல்ல உணவுகளே. ஆயினும் அவற்றிலுள்ள இரும்பின் அளவு குறைவு. அவற்றின் சிவப்பு வேறு நிறமிகளால் வருவது. ஹீமோகுளோபினோடு அதற்குத் தொடர்பில்லை. தீட்டிய வெள்ளரிசியைவிடக் கம்பிலும் கேழ்வரகிலும் இரும்பு பன்மடங்கு மிகுதி. கீரையும் பயறும் சுண்டலும் அவ்வாறே துணைசெய்யும். ஆட்டு ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பை ஏற்க உடலுக்குத் துணை வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அத்துணையைத் தருகிறது. சுண்டலில் எலுமிச்சை பிழிவது சுவைக்காக மட்டும் அன்று. தேநீரும் காப்பியும் இதற்கு மாறாக இரும்பை ஏற்கவிடாமல் தடுக்கின்றன. ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். வீட்டுப் பரணில் துருவேறிக் கிடக்கும் இரும்புச் சட்டியைத் துலக்கி, அதில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பில் ஒரு சிறு பகுதி குழம்பில் இறங்கும்.

இவை யாவும் தடுப்பு முறைகள். சோகை ஏற்கெனவே வந்திருந்தால் வாரம் ஒரு மாத்திரையும் கீரையும் மட்டும் போதமாட்டா. முகம் வெளிறியிருப்பதைக் கொண்டு உறுதிசெய்யவும் இயலாது. மாநிறத்தவரிடம் வெளிறல் எளிதில் தெரிவதில்லை. கீழிமையின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பார்த்து ஐயம் கொள்ளலாம். குருதியைப் பரிசோதித்தே முடிவு கூற முடியும். அப்பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யப்படுகிறது. எல்லாச் சோகையும் இரும்புக்குறையால் வருவதும் அன்று. தலசீமியா, கதிர் அரிவாள் அணுச்சோகை போன்றவை மரபுவழி வருபவை. அவற்றுக்கு மருத்துவம் வேறு. எனவே தாமாகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உண்பது தவறு.

வழிபாட்டுக் கூட்டத்தில் தள்ளாடிய மாணவியைப் போன்ற ஒருத்தியின் ஹீமோகுளோபின் 9 கிராம் எனக் கண்டறியப்படுவதாகக் கொள்வோம். இரும்புக்குறையே காரணம் எனில், மருத்துவர் நாள்தோறும் உண்ண மாத்திரை தருவார். சில வாரங்களில் களைப்புக் குறையத் தொடங்கும். ஏறத்தாழ இரண்டு திங்களில் அளவு இயல்புநிலையை நெருங்கும். பலர் மாத்திரையை நிறுத்திவிடுவது இவ்விடத்தில்தான். ஆனால் மருத்துவர் மேலும் சில திங்கள் தொடரச் சொல்வார். முதலில் கரைந்துபோன கல்லீரல் சேமிப்பு கடைசியில்தான் நிரம்புகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் ஒரு வாரம் யார் எப்போது உண்கிறார், எதை உண்கிறார், உண்டபின் எவ்வளவு நேரத்தில் தேநீர் அருந்துகிறார் என்பதைக் குறித்து வந்து வகுப்பில் கலந்துரையாடுக.

மாத்திரையை எறிந்துவிட்ட தோழன் அல்லது தோழியிடம் காரணம் கேட்டு, விளக்கம் கூறுவதாக உரையாடல் ஒன்று எழுதுக.