பாட்டுப் பதிவு செய்ய எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

ஆரணிக்கு அருகே உள்ள எங்கள் களம்பூர் வட்டாரத்தில் தெருக்கூத்து என்றால் விடிய விடிய நடக்கும். "கூத்துப் பாட்டைப் பதிவு செய்யணும், கையில் எடுத்துப் போகிற மாதிரி சின்னதாக எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்று ஊருக்குப் போகும்போது என்னைக் கேட்பவர்கள் உண்டு. சாஃப்ட்வேர் இன்ஜினீயர் என்பதால், விலை உயர்ந்த பிராசசர் ஒன்றின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான்கு மைக்கைப் பதிவு செய்ய இன்றைய சாதாரண பிராசசரே போதும். சத்தம் போடாத, பாதியில் நிற்காத கம்ப்யூட்டர்தான் முக்கியம். வயதான வாத்தியார் அன்றிரவு பாடியதை மறுநாள் அதேபோல் பாடச் சொல்ல முடியாதே!

லேப்டாப்பா, மினி பிசியா?

மினி பிசி மிகச் சிறியது. 2024இல் வந்த ஆப்பிள் மேக் மினியின் அகலம் 12.7 செ.மீ.தான். ஆனால் இதில் பேட்டரி கிடையாது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனியாக வேண்டும். வீட்டு அறையில் மட்டும் பதிவு செய்பவர்கள் இதை வாங்கலாம்.

வெளியில் எடுத்துச் செல்ல லேப்டாப்பே சிறந்தது. கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. பதிவில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரங்களில் அது நின்றுவிடும்.

ஃபேன் சத்தம்

லேப்டாப் சூடானால் உள்ளே ஃபேன் வேகமாகச் சுற்றும். அதையும் மைக் பிடித்துக்கொள்ளும். 2020இல் எம்1 சிப்புடன் வந்தது முதல் மேக்புக் ஏரில் ஃபேன் இல்லை. ஃபேன் உள்ள லேப்டாப் என்றால் மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில், அதாவது 3 பைட்டில் பதிவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மைக்குக்கு நொடிக்கு 1,44,000 பைட். நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. பாடுபவர், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை என நான்கு மைக் வைத்தால் மணிக்கு சுமார் 2 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்துக்கு சுமார் 17 ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் கவலையில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் போல எஸ்எஸ்டி சத்தம் போடாது. அதிர்ச்சியையும் நன்றாகத் தாங்கும். ராம் 16 ஜிபி இருப்பது நல்லது.

மைக் இணைப்பது எப்படி?

லேப்டாப்பில் உள்ள மைக் குழியை நம்ப வேண்டாம். யுஎஸ்பியில் இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். எத்தனை மைக்கோ அத்தனை மைக் இன்புட் அதில் இருக்க வேண்டும். கன்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் தரும் வசதியும் வேண்டும். ஒன்றிரண்டு மைக்குக்கு இலவச ஆடாசிட்டி சாஃப்ட்வேர் போதும்.

பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன்

மைக்கையும் ஹெட்போனையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். லேப்டாப்பில் பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு, பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். கடைக்காரர் சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.