‘எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம்’

மருத்துவத்தில் மூடநம்பிக்கை என்று பேச்செடுத்தால் நோயாளிகளுடையதைத்தான் வரிசைப்படுத்துவோம்: பத்தியம், கைவைத்தியம், தாயத்து. மருத்துவமனைக்குள் வேலை பார்ப்பவர்களிடமும் சில நம்பிக்கைகள் உண்டு. திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் என்று வரும்போது அவை அதிகமாகவே தலைகாட்டும். படித்தவர் வாயிலிருந்து வருவதால் அறிவியல் போலவே கேட்கும் என்பதுதான் சிக்கல்.

“எங்ககிட்ட அப்படி யாரும் வர்றதில்லையே.”

வருகிறார்கள். சர்க்கரைக்கு, முதுகுவலிக்கு, டெங்குக் காய்ச்சலுக்கு வருகிறார்கள். சொல்வதில்லை, அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் வங்கி மேலாளர் பல வருடமாக இன்னோர் ஆணுடன் குடும்பம் நடத்துகிறார் என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்த ஸ்கேனும் இல்லை. நம் ஊரில் நோயாளி தனியாக டாக்டர் அறைக்குள் போவதே அபூர்வம். அம்மா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் நிற்பார்கள். பாதிக் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். “நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க” என்று சொல்லாத டாக்டரிடம் அந்த நோயாளி எதைச் சொல்வார்?

“நாங்க எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம்.”

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதனால்தான் இதை நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரே மாதிரி மரியாதை என்றால் சரி. ஒரே மாதிரி கேள்வி என்றால் தப்பான சிகிச்சையில் போய் முடியும்.

வெளிநோயாளிப் பிரிவில் பெண்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, “கல்யாணம் ஆயிடுச்சா?” உடலுறவு உண்டா என்று கேட்கக் கூச்சப்பட்டு, அதற்குப் பதிலாக நம் மருத்துவம் கண்டுபிடித்த கேள்வி அது. “இல்லை” என்ற பதில் வந்ததும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை பலருக்குத் தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி தோலோடு தோல் உரசினாலே பரவக்கூடியது. பெண்ணோடு மட்டும் உறவுள்ள பெண்ணுக்கும் அது தொற்றும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசே செய்யும் சோதனையில், கல்யாணம் ஆகாதவள் என்ற ஒரே காரணத்தால் அவள் பெயர் விடுபட்டுப்போகிறது.

திருநம்பியின் நிலை இன்னும் சங்கடம். தாடி, ஆண் பெயர், ஆதார் அட்டையில் ஆண். ஆனால் கர்ப்பப்பை அகற்றப்படாமல் இருக்கலாம். அப்படியானால் அவருக்கும் அந்தச் சோதனை வேண்டும். ரத்தப்போக்கு என்று மகளிர் மருத்துவமனைக்குப் போனால் வாசலில் இருக்கும் காவலாளி உள்ளே விடமாட்டார். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவருக்கு மாதவிலக்கு நின்றிருக்கும். கருத்தரிக்க மாட்டார் என்று அவரும் நம்பியிருப்பார், டாக்டரும் நம்பியிருப்பார். அந்த ஊசி கருத்தடை மருந்து அல்ல. அதே ஊசி ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கூட்டும். லேப் சீட்டில் ‘பெண்’ என்று இருந்தால், ஆண்களுக்குச் சாதாரணமான அளவு அவருக்கு மட்டும் கோளாறாக அச்சாகி வரும்.

திருநங்கைக்கு இதன் மறுபக்கம். அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் புரோஸ்டேட் சுரப்பியை எடுப்பதில்லை. அது உள்ளேயே இருக்கும். வயதான திருநங்கை சிறுநீர் போக சிரமம் என்று வந்தால் அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் எடுப்பவருக்கு, புரோஸ்டேட் கோளாறை அறிய உதவும் பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையின் அளவு குறைந்தே காட்டும். வழக்கமான எல்லைக்கோட்டை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட முடியாது. டாக்டரிடம் போகத் தயங்கி, மெடிக்கலில் கருத்தடை மாத்திரையை வாங்கித் தாமாகவே விழுங்கும் திருநங்கைகள் நிறைய. அந்த மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தக்கட்டு உண்டாக்கக்கூடியது. சிகரெட் பழக்கமும் இருந்தால் ஆபத்து கூடும். கெண்டைக்கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது என்று வருபவரிடம் “என்ன மாத்திரை எடுக்கறீங்க?” என்று அதட்டாமல் கேட்டால் ஓர் உயிர் தப்பும். அதட்டினால் அவர் “ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றுதான் சொல்வார்.

என்ன உறுப்பு இருக்கிறது, என்ன மருந்து போகிறது, யாரோடு எப்படி உறவு: இந்த மூன்றையும் ஊகிக்காமல் கேட்டால் போதும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

“இது ஒரு மனக்கோளாறு. கவுன்சலிங் கொடுத்தா மாத்திடலாம்.”

1990 மே 17 அன்று உலக சுகாதார அமைப்பு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பாலின அடையாளம் தொடர்பானவற்றை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்த அந்தப் பட்டியலின் பதினோராவது பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் தன்பாலீர்ப்பு நோயல்ல என்று அறிவித்தது. ஊரார் ஒழுக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று சொல்லக்கூடாது என 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது.

இருந்தும் மகனை, மகளைக் கூட்டிக்கொண்டு ‘மாற்றித் தாங்க டாக்டர்’ என்று வரும் பெற்றோர் இருக்கிறார்கள். ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் செய்தது எனக்குப் பிடித்த காரியம். இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார்: மாற்றுகிறேன் என்று சொல்லும் ‘சிகிச்சை’க்குத் தடை, செய்பவர்மீது நடவடிக்கை. தேசிய மருத்துவ ஆணையமும் 2022 ஆகஸ்டில் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது.

இதே ஆணையம்தான் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட பாடத்திட்டத்தில், தடயவியல் மருத்துவப் பாடத்துக்குள் பெண்களின் தன்பாலுறவை ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்று மறுபடி சேர்த்தது. வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலுறவைக் குற்றமாக்கிய பகுதியை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018இலேயே செல்லாததாக்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். ஒரு ஹவுஸ் சர்ஜன் ‘மனக்கோளாறு’ என்று பேச எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

“அவங்கன்னா முதல்ல எச்.ஐ.வி. பார்த்துடணும்.”

கால் எலும்பு முறிந்து வந்த திருநங்கைக்கு எக்ஸ்ரேவுக்கு முன்னால் எச்.ஐ.வி. சோதனை எழுதுவது மருத்துவம் அல்ல. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்காமல் அந்தச் சோதனை செய்யக்கூடாது. கிருமி ஆளைப் பார்த்துத் தொற்றுவதில்லை. பாதுகாப்பற்ற உறவு, ஊசி, ரத்தம், தாயிடமிருந்து சேய்க்கு என்று வழி பார்த்துத் தொற்றுகிறது. மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதும் இல்லை.

ரத்ததான விதிகளிலும் இதே பார்வைதான். 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் திருநர்களையும் ஆணோடு உறவுள்ள ஆண்களையும் மொத்தமாக விலக்கியது. அதை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பிரிட்டன் 2021இலும் அமெரிக்கா 2023இலும் ஆளாளுக்கு அபாயத்தைக் கேட்டு முடிவெடுக்கும் முறைக்கு மாறிவிட்டன.

“குழந்தையா இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணி ஆணாவோ பெண்ணாவோ ஆக்கிட்டா நல்லது.”

பார்த்தவுடன் ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைபாலினக் குழந்தைகளைப் பற்றிய பேச்சு இது. யாருக்கு நல்லது? பெற்றோருக்கு, ஊர்வாய்க்குப் பதில் சொல்ல. குழந்தைக்கு அந்த அவசரம் இல்லை. வளர்ந்து தானே சொல்லும். தவறாக வெட்டியதை ஒட்ட முடியாது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்தத் திருமணம் செல்லும் என்றதோடு, இந்தக் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையையும் நிறுத்தச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை போட்டது: உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, கூடாது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் நம்முடையது. பிரசவ அறை வாசலில் தவித்து நிற்கும் அப்பாவுக்கு இதை யாராவது சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.

“ரத்த சொந்தம் கையெழுத்து போட்டாதான் ஆபரேஷன்.”

நினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் சிகிச்சைக்கு அவர் சம்மதமே சம்மதம். 2008இல் உச்ச நீதிமன்றம் இதை ஒரு வழக்கில் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டாக்டர் எடுத்துவிட்டார். உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, நோயாளி கண்விழிக்கும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும். அம்மா சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உயிர் போகும் அவசரம் என்றாலோ, யார் கையெழுத்துக்காகவும் காத்திருக்கத் தேவையே இல்லை.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? பின்னால் வம்பு வரக்கூடாது, பில் கட்ட ஓர் ஆள் வேண்டும். நடைமுறைதான். ஆனால் அந்த நடைமுறை, வீடு கைவிட்ட ஒருவரின் கட்டிலருகே, பத்து வருடம் முகம் பார்க்காத அண்ணனைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறது; கூடவே வாழ்பவரை ‘ஃபிரண்டுதானே, வெளிய இருங்க’ என்கிறது. மனநல சிகிச்சையில் இதற்கு எழுத்துப்பூர்வமான வழி இருக்கிறது: வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, யாரை வேண்டுமானாலும் தம் பிரதிநிதியாக நியமிக்கலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. மற்ற சிகிச்சைகளுக்கும் அப்படி ஒரு தாளை முன்கூட்டியே எழுதி கேஸ் ஷீட்டோடு சேர்த்துக்கொள்ள எந்த மருத்துவமனையையும் சட்டம் தடுக்கவில்லை. உறவினர் யாரும் வராதபோது இறந்தவரின் உடலை அவருடைய தன்பாலினத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. உயிரோடு இருக்கும்போது கையைப் பிடித்து நிற்க இன்னும் அவ்வளவு தெளிவான கடிதம் வரவில்லை.

“இதுக்கெல்லாம் தனி ஆஸ்பத்திரி, தனி நிதி வேணும்.”

சிலவற்றுக்கு வேண்டும். தமிழகம் 2008இலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. பாலின மாற்று அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆனால் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் திண்டிவனத்திலிருந்து யாரும் அங்கே பஸ் ஏற முடியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் காரியம் நடக்க வேண்டும், அங்கே செலவும் கிடையாது. ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்று ஒரு கேள்வி. கூட்டம் நிறைந்த கூடத்தில் பழைய பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது. ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்தை ‘உடனிருப்பவர்’ என்று மாற்றுவது. வார்டில் எந்தப் பக்கம் கட்டில் வேண்டும் என்று நோயாளியையே கேட்பது. பரிசோதிக்கும்போது திரையை இழுத்துவிட்டு, வேடிக்கை பார்க்கக் கூடும் மாணவர்களைக் கலைப்பது.

பயிற்சி கொடுப்பதென்றால் டாக்டர்களிடம் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். திரும்பிப் போகிறவர்களில் பலர் டாக்டர் அறைவரைக்கும் வந்திருக்கவே மாட்டார்கள். முதலில் சீட்டு எழுதுபவர், அப்புறம் காவலாளி, வார்டு ஆயா, ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் அதற்குப் பிறகு வரட்டும்.