சக்கரம் தட்டிப் பார்க்கும் பணிக்கு வந்திருக்கும் இளைஞருக்கு

ரயில் சக்கரத்தை நீண்ட காம்புள்ள சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு அதன் நிலையை அறிவது நீராவி எஞ்சின் காலத்து வேலை. அன்றைய சக்கரத்தின்மேல் டயர் எனப்படும் தனி இரும்பு வளையம் ஒன்றைச் சூடேற்றி மாட்டி, குளிர்ந்து இறுகவிடுவார்கள். அந்த டயர் தளர்வதும் பிளவுபடுவதும் அன்றாட அபாயம். 1874 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் ஷிப்டன்-ஆன்-செர்வெல் அருகே ஒரு பெட்டியின் டயர் உடைந்ததில் 34 பேர் இறந்தனர்.

சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குபவருக்கு இந்த முறை புதிதல்ல. நல்ல சக்கரம் கணீரென்று நீண்டு ஒலிக்கும். விரிசல் இருந்தால் அதன் இரு முகங்களும் உரசி அதிர்வை விழுங்கிவிடும். ஒலி ‘டொக்’ என்று அடங்கும். ஆனால் மந்தமான ஒலியெல்லாம் விரிசல் ஆகாது. பிரேக் கட்டை அழுத்திக்கொண்டிருந்தாலோ, சேறும் கிரீஸும் அப்பியிருந்தாலோ குறையற்ற சக்கரமும் ஊமையாகும். ஆகவே பிரேக் விடுபட்டிருப்பதை உறுதிசெய்த பிறகே தட்ட வேண்டும். தேய்ந்த சக்கரத்தின் சுருதி வேறு, புதியதின் சுருதி வேறு என்பதால் ஒரே ஒலியை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒரே அச்சின் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்பதே நம்பத்தக்க வழி. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வண்டியின் இரு முனைகளிலும் சிவப்புக் கொடி, இரவானால் சிவப்பு விளக்கு. அது இல்லாமல் வண்டிக்கடியில் குனிபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தத் தொழிலுக்கு ஆகாதவர்.

இப்போதைய சக்கரம் பெரும்பாலும் ஒரே வார்ப்பாகவோ ஒரே துண்டாக அடித்து உருவாக்கப்பட்டோ வருவது. கழன்றுபோகத் தனி டயர் இல்லை. சுத்தியலைப் பழங்கால மிச்சம் என்று இளைஞர்கள் சிரிப்பதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் தளர்ந்த போல்ட்டையும் உடைந்த ஸ்பிரிங்கையும் காட்டிக்கொடுப்பதில் அது இன்னும் உதவுகிறது.

இந்திய ரயில்வேயில் பரிசோதகரின் காது, வண்டி நிற்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வண்டி மெல்ல நுழையும்போது இருபுறமும் ஆட்கள் குந்தியிருந்து கவனிப்பார்கள். பிரேக் இறுகிச் சுழலாமல் சறுக்கிய சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். சுற்றுக்கு ஒருமுறை தண்டவாளத்தை அடித்து, வேகம் குறையக் குறைய அந்த அடியும் இடைவெளி விடும். எந்தப் பெட்டி, எந்தச் சக்கரம் என்று அந்தக் கணத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். நின்ற பிறகு அது வாய் திறக்காது. பிரேக் ஒட்டிக்கொண்டு வந்த சக்கரத்தைக் கருகல் வாடை சொல்லிவிடும். அச்சுப் பெட்டியின் சூட்டை முன்பு புறங்கையால் பார்த்தார்கள். இப்போது அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது.

தேய்மானத்துக்குக் கண்மதிப்பு போதாது, கேஜ் வைத்தே பார்க்க வேண்டும். சக்கரத்தின் ஓடுதளம் தேயத்தேய ஃபிளாஞ்ச் எனும் உள்விளிம்பு உயரமாகிக்கொண்டே போகும், 35 மி.மீ.-ஐத் தாண்டினால் அது தண்டவாள இணைப்புகளில் இடிக்கக்கூடும். ஃபிளாஞ்ச் முனையின் வளைவு ஆரம் 5 மி.மீ.-க்குக் குறைந்து கூராகிவிட்டாலோ, தடம் மாற்றும் இடத்தில் சரியாக மூடாத பாயிண்டின் இடுக்கில் புகுந்து வண்டியைத் தடம் புரட்டும். இரண்டில் இதுவே அதிகம் அஞ்சத்தக்கது.

காதுக்கும் கேஜுக்கும் எட்டாதவையும் உண்டு. 1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் பாதையில் எஞ்சின் அச்சு ஒடிந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷெடெயில் அதிவேக ரயிலின் டயர் உடைந்து 101 பேர் இறந்தனர். அங்கே விரிசல் டயரின் உட்புறத்தில் தொடங்கியிருந்தது. வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. அச்சில் சக்கரம் அழுத்திப் பொருத்தப்பட்ட இடமும் அப்படியே மறைவானது. அதை ஒர்க்‌ஷாப்பில் அல்ட்ராசானிக் கருவியால்தான் சோதிக்க முடியும்.

சந்தேகம் எழுந்தால் அந்தப் பெட்டியைச் ‘சிக்’ என்று குறித்துக் கழற்றி, பழுதுபார்க்கும் தடமான சிக் லைனுக்கு அனுப்ப வேண்டும். வண்டி தாமதமாவதற்கு விளக்கம் கேட்பார்கள். பெட்டி எண், சக்கரத்தின் இடம், கேஜ் காட்டிய அளவு ஆகியவை பதிவேட்டில் இருந்தால் விளக்கம் சொல்வது எளிது.