குளியல் தொட்டியில் ஒரு கையொப்பம்

1975 டிசம்பர் 10ஆம் நாள் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளேட்டில் ஒரு கருத்துப்படம் வெளிவந்தது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருக்கிறார். அங்கிருந்தபடியே கையொப்பமிட்ட தாளைக் கதவுக்கு அப்பாலிருப்பவரிடம் கொடுக்கிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் காத்திருக்கச் சொல்லுமாறு கூறுகிறார். வரைந்தவர் அபு ஆபிரகாம்.

படத்தைக் கண்டதும் சிரிப்பு வருகிறது. அது எதைச் சுட்டுகிறது என்பதை உணர, அவசரச் சட்டம் இன்னதென்று அறிந்திருத்தல் வேண்டும். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி. நாடாளுமன்றம் கூடாத காலத்தில் உடனடித் தேவை எழுந்தால், அமைச்சரவையின் அறிவுரைப்படி குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்க அரசமைப்புச் சட்டத்தின் 123ஆம் உறுப்பு இடமளிக்கிறது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியபின் ஆறு வாரங்களுக்குள் ஒப்புதல் பெறாவிடில் அது செயலிழக்கும். ஆகவே அது விதிவிலக்கே அன்றி வழக்கம் அன்று. குளிக்கவும் விடாமல் தாள்கள் வந்துகொண்டிருந்தால், படித்துப் பார்த்தா கையொப்பமிடுகிறார்? இக்கேள்வியை அபு ஓரிடத்தும் எழுதவில்லை. தொட்டியும் கதவுமே அதைக் கேட்கின்றன.

படம் வந்த காலமும் கருதத்தக்கது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதில் கையொப்பமிட்டவரும் இதே குடியரசுத் தலைவரே. அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் செய்தி தெரிந்தது! 19ஆம் உறுப்பு தரும் பேச்சுரிமை முடங்கியது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. 1948 முதல் தில்லியில் வெளிவந்த ‘சங்கர்ஸ் வீக்லி’ என்னும் கருத்துப்பட இதழ் அவ்வாண்டே நின்றது. அபு இளமையில் பணியாற்றிய இதழ் அது. (தில்லியில் பொம்மை அருங்காட்சியகத்தை நிறுவியவரும் அதே சங்கர்தான்.)

தலையங்கமாயின் எவ்வரியை அடிப்பது என்பது தணிக்கையாளருக்குத் தெரியும். படத்தில் அடிப்பதற்கு வரி ஏது? ஆயினும் படங்கள் எல்லாம் தப்பிவிடவில்லை. தணிக்கையால் தடுக்கப்பட்ட அபுவின் படங்கள் சில, 1977இல் நெருக்கடி நிலை நீங்கிய பின்னரே நூலில் இடம்பெற்றன. அக்காலத்தில் அபு மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். அதுவும் குடியரசுத் தலைவர் நியமிக்கும் பன்னிருவருள் ஒருவர். அந்த உயர்பதவியில் இருப்பவரையே அவர் குளியல் தொட்டியில் வரைந்தார்.

அருஞ்சொற்பொருள்
தணிக்கை – வெளியிடுமுன் ஆராய்ந்து நீக்குதல்
தலையங்கம் – நாளேடு தன் கருத்தைக் கூறும் பகுதி

பயிற்சி
1. பிரித்து எழுதுக: கையொப்பமிட்டார், கருத்துரிமை.
2. குளியல் தொட்டிக்கு மாறாக அலுவலக மேசையை அபு வரைந்திருந்தால் படத்தின் பொருள் எவ்வாறு மாறியிருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.
3. இவ்வார நாளேடு ஒன்றிலிருந்து ஒரு கருத்துப்படத்தை வெட்டி ஒட்டுக. அது எம்மொழி நாளேடாயினும் ஆகுக. படத்தில் இருப்பவர் யார், அவர் செய்வது என்ன, வரைந்தவர் சொல்லாமல் விட்டது எது என்பவற்றை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குக. அவர் உடன்படாத கருத்தையும் குறித்து வருக.