பயறுச் செடியும் வேர்க்கிருமியும்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு இவற்றுள் ஒரு செடியைப் பூக்கும் பருவத்தில் வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, நீரில் அலசிப் பார்த்தால், வேர்களில் சிறு முண்டுகள் ஒட்டியிருக்கக் காணலாம். இதனை நோயென்று எண்ணிக் கவலுறும் குடியானவர் உண்டு. நூற்புழுவினால் உண்டாகும் வீக்கம் வேறு. அதில் வேரே தடித்துப் பருக்கும், தேய்த்தாலும் உதிராது. நல்ல முண்டோ வேரின் பக்கத்தில் ஒட்டி நிற்கும், எளிதில் உதிரும், நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாயிருக்கும்.

ஆகாயத்தில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு உளதாயினும், செடி அதனை நேரே உண்ண வல்லதன்று. முண்டினுள் வாழும் ரைஸோபியம் முதலிய நுண்கிருமிகள் அதனை அம்மோனியாவாக்கிச் செடிக்கு அளிக்கின்றன. செடி ஈடாகச் சர்க்கரைச் சத்தை அளிக்கின்றது. முண்டுள்ள செடி ஆகாயத்து நைட்ரஜனைப் பெறுகின்றதென்பதை 1888-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் ருசுப்படுத்தினர்.

மண்ணிலுள்ள கோடானுகோடி கிருமிகளுள் தனக்குரியதைச் செடி தெரிந்தெடுப்பது எங்ஙனம்? நைட்ரஜன் போதாத காலத்தில் வேரானது பிளாவனாய்டு என்னும் ரசாயனப் பொருளை மண்ணிற் கசியவிடுகின்றது. இஃது அழைப்பு. குதிரைமசாலின் அழைப்புப் பொருள் லூடியோலின் என 1986-இல் கண்டனர். அழைப்பை உணர்ந்த கிருமி, சர்க்கரைக் கண்ணிகளாலான சிறு சங்கிலியில் கொழுப்புவால் ஒன்றைக் கோத்து மறுமொழியாக விடுகின்றது. இதன் அமைப்பு 1990-இல் வெளியாயிற்று. மிகமிக அற்பமான அளவே போதும். வேரின் மயிரிழை வளைந்து கிருமியைச் சுற்றிக்கொள்ளும், உள்ளே குழாய் போன்ற வழியொன்று திறக்கும், ஆழத்திலுள்ள அணுக்கள் பெருகி முண்டாகும். நிலக்கடலையிலோ கிருமி மயிரிழை வழியாகவன்றி, பக்கவேர் வெளிப்படும் வெடிப்பின் வழியே புகுகின்றது.

மறுமொழிச் சங்கிலியிலுள்ள சிறு வேற்றுமைகளே பூட்டுக்குத் திறவுகோல் போன்றவை. ஆதலால் உளுந்துக்கு உரிய கிருமி கொண்டைக்கடலைக்கு உதவுவதில்லை. சோயா பயிரிட்டறியாத நிலத்தில் அதனை முதன்முறை விதைப்பவன், உரிய கிருமியை விதையோடு சேர்க்காவிடில், செடி அழைத்தும் வருவாரில்லை, இலை மஞ்சளிக்கும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மண்ணில் நைட்ரேட்டு உப்பு மிகுந்தால் செடி முண்டு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். கடன்பட்டு வாங்கிய யூரியாவைப் பயற்று வயலில் அள்ளி இறைக்கும் அங்கத்தினர், தரும உழைப்பாளியைத் தாமே துரத்திவிட்டுக் கூலியாளை அமர்த்துகின்றனர். கடன் மாத்திரம் மிஞ்சும்.

சங்கத்தில் நுண்ணுயிர் உரப்பொட்டலம் வாங்குவோர், மேலே அச்சிட்ட பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்தே பெறுக. உள்ளிருப்பது உயிர், தகரக் கூரையின் அடியில் வெயில் தாக்க வைத்தால் மடியும். பூஞ்சண மருந்து இடுவதாயின் முதல் நாளே இட்டு, மறுநாள் ஆறிய அரிசிக் கஞ்சியில் இதனைக் குழைத்து, விதைமீது புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்தல் வேண்டும்.