கொசுவின் வயிற்றில் வேலை செய்யும் ஊசி

காஞ்சிபுரத்தில் குழித்தறிக்குள் காலை இறக்கி நெய்பவரைப் பகலில் கடிப்பது பெரும்பாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்பும். ஆகவே, "கொசுவுக்கே தடுப்பூசி வருகிறதாம், இனி டெங்குவும் ஒழிந்தது" என்று நம்புவதில் இரண்டு பிழைகள் உள்ளன. இது மலேரியாவுக்கான ஊசி; டெங்குவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஊசி போடுவதும் மனிதருக்குத்தான்.

மலேரியா நோயாளியின் ரத்தத்தோடு ஒட்டுண்ணியின் ஆண், பெண் பாலணுக்களும் கொசுவின் வயிற்றுக்குள் போகின்றன. அவை அங்கே கூடினால்தான் அந்தக் கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க முடியும். ஊசி போட்டவரின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்களும் கூடவே உள்ளே போய், அந்தக் கூடலைத் தடுக்கின்றன.

"அப்படியானால் போட்டவருக்கு மலேரியா வராது." வரும். பரவலை மட்டும் தடுக்கும் ஊசி காப்பது பக்கத்து வீட்டாரை. தனக்கு நேரடிப் பலன் இல்லாமல் ஒருவர் கையை நீட்டுவது பெரிய மனது. அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவதே நேர்மை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புவனேஸ்வர் மையம் உருவாக்கி, 2025இல் அறிவிக்கப்பட்ட அட்ஃபால்சிவாக்ஸ் இரண்டையும் குறிவைக்கிறது: ஒட்டுண்ணி ரத்தத்துக்குள் நுழையும் முன்பே தடுப்பது, கொசுவின் வயிற்றிலும் தடுப்பது. பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு அதைத் தயாரிக்கிறார்கள்.

அது இன்னும் மருந்தகத்துக்கு வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இலும் 2023இலும் பரிந்துரைத்த இரு மலேரியா தடுப்பூசிகள் குழந்தைகளைக் காப்பவை. கொசுவின் வயிற்றில் அவற்றுக்கு வேலையில்லை. இரண்டாவதைப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மூன்று ஊசிகளும் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகைக்கானவை. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவதோ வைவாக்ஸ். அது கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் எழும். அதனால்தான் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் தருகிறார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துபவர், தெரியாமலேயே நோயைத் தெருவுக்குள் வைத்திருக்கிறார்.

மலேரியாவுக்குக் கோயில் குளத்தின் மீது பழி போடுவதும் வழக்கம். ஆனால் நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி விரும்புவது மூடாத மாடித் தொட்டியும் கிணறும். அதிலும் தெளிந்த நீர்.

"ஊசி வரும்வரை என்ன செய்ய முடியும்?" இலங்கை எந்த மலேரியா தடுப்பூசியும் இல்லாமலே செய்து காட்டியது. காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை விடாமல் சோதித்தார்கள், கண்டவுடன் முழு மருந்து கொடுத்தார்கள், வீடுகளில் மருந்து தெளித்தார்கள், வலை கொடுத்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்தது.