பழைய டயர்களும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

கட்டை வண்டிகள் குறைந்து டயர் வண்டிகளும், பின்னர் டிராக்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் நம் கிராமங்களில் பெருகின. அவற்றின் தேய்ந்த டயர்கள் இன்று பஞ்சர் கடை ஓரத்திலும், வைக்கோற்போரின் மேலும், கிணற்றடியிலும் கிடக்கக் காண்கிறோம். இவற்றை வெறும் குப்பையென்று எண்ணிவிடலாகாது.

மழை பெய்தவுடன் டயரின் குழிவில் நீர் தங்குகிறது. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நிழலில் தேங்கிய இத்தகைய சிறிதளவு நீரையே நாடி முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீமை நீங்காது. முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். பல மாதங்கள் உலர்ந்து கிடந்தாலும், அடுத்த மழையில் நனைந்ததும் அவை பொரிக்கும். ஆகவே, சித்திரையில் காய்ந்து கிடக்கும் டயர் ஐப்பசியில் ஆபத்தாகிறது.

ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. நம் குழந்தைகளைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் நம் தெருவிலேயே வளர்ந்ததாகும். ஒருவர் தம் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தும், அடுத்த கொல்லையில் டயர் கிடந்தால் பயனில்லை. எனவேதான் இது பஞ்சாயத்தின் பொறுப்பாகிறது.

போகியன்று டயரைக் கொளுத்துவது பெருந்தவறு. அதன் கரும்புகை நச்சுடையது. உருகி வழியும் எண்ணெய் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும். புதைத்தாலோ டயர் மக்குவதில்லை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை வருமாறு:

1. ஆகஸ்டு 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, வார்டு வாரியாக டயர்களைக் கணக்கெடுத்தல்.

2. பருவமழைக்கு முன் அவற்றைக் கூரையுள்ள ஓரிடத்தில் சேர்த்தல். கூரை இல்லையேல் நீர் தேங்காதபடி தார்ப்பாயினால் மூடுதல்.

3. வைக்கோற்போருக்குப் பாரமாக டயர் வைப்போர், நீர் வடியுமாறு அதன் அடிப்புறத்தில் துளைகள் இடச் செய்தல். டயர்த் தொட்டியில் மாட்டுக்கு நீர் வைப்போர் வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் செய்தல்.

4. அண்டைப் பஞ்சாயத்துகளுடன் கூடி, ஒரு லாரிப் பாரம் சேர்ந்ததும் மறுசுழற்சிக்கு அனுப்புதல்.

மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற வேண்டுமென 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. அவ்வாறு பதிவு பெற்றவருக்கே டயர்களைக் கொடுத்தல் வேண்டும். விலை சற்று மிகுதியாகத் தருகிறாரென்று எரிப்பவருக்குக் கொடுத்தல் கூடாது.

அக்டோபர் 2 அன்று மீண்டும் கிராம சபை கூடும்போது, எத்தனை டயர்கள் எண்ணப்பட்டன, எத்தனை அகற்றப்பட்டன என்ற கணக்கை அங்கத்தினர்கள் மக்கள் முன் படித்துக் காட்டுவார்களாக. டெங்கு ஜுரத்தைத் தீர்க்கத் தனி மருந்து இன்னும் இல்லை. வருமுன் காப்பதே நம் கையில் உள்ளது.